குஞ்சைப் பார்த்துத் தொட்டி வாங்காதீர்கள்

மீன் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் தொட்டி ஒட்டும் சிலிக்கானைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலிக்கானைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லோரும் வீட்டில் பெரிதாகிவிட்ட மீனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். வேலூர் சைதாப்பேட்டையில் 26 வருடமாகக் கண்ணாடித் தொட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். பட்டறைக்கு நேரில் வருகிறவர்கள் கேட்பதும் இதேதான். அதனால் இந்த முறை பெரிய மீன்களைப் பற்றி மட்டும்.

காட்பாடி காந்திநகரிலிருந்து ஒரு வாசகி: எட்டு மாதம் முன்பு மகனின் பிறந்தநாளுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கினோம். அப்போது கட்டைவிரல் நீளம். 2 அடித் தொட்டி. இப்போது ஒன்று ஏழு அங்குலம், மற்றது கொஞ்சம் சிறியது. தண்ணீர் இரண்டே நாளில் கலங்கிவிடுகிறது. பெரியதின் தலையில் ஊசியால் குத்தியது போலக் குழிகள். கடைக்காரர், "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் வளரும், பயப்படாதீங்க" என்கிறார். இனியும் வளருமா?

வளரும் அம்மா. ஆஸ்கர் அமேசான் பக்கத்து மீன். முழு வளர்ச்சியில் ஓர் அடி, சிலது அதற்கும் மேலே போகும். நல்ல தண்ணீரில் இருந்தால் முதல் வருடத்திலேயே பத்து அங்குலத்தைத் தொடும். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். உங்கள் மகன் மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் காலேஜுக்குப் போகிற வரைக்கும் உங்கள் வீட்டில் இருக்க வேண்டிய உயிர் அது.

"தொட்டிக்குத் தகுந்த மாதிரி வளரும்" என்ற பேச்சை நானும் இத்தனை வருடமாகக் கேட்கிறேன். சின்னத் தொட்டியில் மீன் வளராமல் நின்றுவிடுவது உண்டு, அது நிஜம். ஏன் நிற்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், பிறகு நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் துளி இருந்தாலே விஷம். மூன்றாவது சேரச் சேரக் கெடுதல். உங்கள் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் விளிம்பு வரை ஊற்றினாலும் 56 லிட்டர்தான். நாலு குடம் தண்ணீரில் இரண்டு ஆஸ்கர் தின்று, கழித்து, அதையே மூச்சாக இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. அந்தத் தண்ணீர்தான் வளர்ச்சியை நிறுத்துகிறது. அப்படி நின்றுபோன மீனைப் பக்கவாட்டில் பாருங்கள்: உடம்பு குட்டையாக இருக்கும், கண் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரியும். சிலதுக்கு முதுகெலும்பு வளைந்துவிடும். அது பன்னிரண்டு வருடம் இருக்காது.

நம்மூர் போர் தண்ணீர் இன்னொரு சிக்கல். எங்கள் தெரு போரில் டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற கருவியை விட்டால் 1,400 காட்டுகிறது. தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டுகிற பிஎச் 8-க்குக் கிட்டே, அதாவது காரப் பக்கம். பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினாலே அதே அளவு அமோனியாவின் விஷம் ஏறக்குறையப் பத்து மடங்காகிறது. தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் கூடும். ஊட்டியில் தாக்குப்பிடிக்கிற தவறு வேலூரில் தாக்குப்பிடிக்காது.

தலையில் இருக்கும் குழிகள், பெரும்பாலும் கெட்ட தண்ணீரிலும் ஒரே மாதிரித் தீனியிலும் வருகிற நோய். ஆரம்பத்தில் பிடித்தால் ஆறும். இன்றைக்கே கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், ஒன்றுவிட்டு ஒருநாள் அதையே செய்யுங்கள். கோழி, மாட்டு இறைச்சித் துண்டு போடுவதாக இருந்தால் நிறுத்திவிட்டு, நல்ல பெல்லட், தோலுரித்த இறால், வேகவைத்த பட்டாணி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். இரண்டில் ஒன்றைப் பெரிய தொட்டி வைத்திருக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். மீதி ஒன்றுக்கு 4 அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, அதாவது 255 லிட்டர். இரண்டையும் வைத்துக்கொள்ளத்தான் ஆசை என்றால் 6 அடிக்கு 2-க்கு 2. அதற்குக் குறைவாக ஒட்டிக் கொடுக்கச் சொன்னால் நான் ஒட்ட மாட்டேன்.

என் கணக்கு இதுதான். வளர்ந்த மீன் எவ்வளவு நீளமோ, அதன் நாலு மடங்காவது தொட்டி நீளம் இருக்க வேண்டும். ஒன்றரை மடங்காவது அகலம் இருக்க வேண்டும். பலரும் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். மீன் திரும்புவது அகலத்தில். உயரம் நமக்குப் பார்க்க அழகு, பெரிய மீனுக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர்: கடையில் "ஷார்க்" என்று வெள்ளியும் கறுப்புமாகக் குட்டி மீன் விற்கிறார்கள். ஜோடி 80 ரூபாய். பார்க்க நிஜச் சுறா மாதிரியே துறுதுறுவென்று இருக்கிறது. 3 அடித் தொட்டியில் ஆறு விடலாமா?

ஒன்றுகூட வேண்டாம் ஐயா.

அது சுறா இல்லை, கெளுத்தி இனம். பங்காசியஸ் என்பார்கள். தென்கிழக்கு ஆசியாவின் மேகாங் ஆற்று மீன். ஓட்டலில் "பாசா" என்று முள்ளில்லாத வெள்ளைத் துண்டு கொடுக்கிறார்களே, நம் நாட்டில் அது பெரும்பாலும் இந்த மீன்தான். ஆந்திராவில் ஏக்கர் கணக்கில் குளம் வெட்டி வளர்க்கிறார்கள். ஆற்றில் நாலடிக்கு மேல் வளரும், 40 கிலோவையும் தாண்டும்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. 1999-இல் தொழிலுக்கு வந்த புதிதில் நானே நாலு ஷார்க் வாங்கி, நானே ஒட்டிய 3 அடித் தொட்டியில் விட்டேன். அகலம் 15 அங்குலம். கூட்டமாகத் திரிகிற மீன், பயந்த சுபாவம். யாராவது கதவைச் சாத்தினால் போதும், நாலும் ஒரே நேரத்தில் பாய்ந்து கண்ணாடியில் முட்டும். மூக்கு நுனியில் தோல் உரிந்து வெள்ளையாகிவிட்டது. பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து, கத்திரி வெயில் நேரத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. ஏர் மோட்டார் நின்றது. விடியற்காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியின் மூடி ஒரு பக்கம் நகர்ந்திருந்தது, மூன்று மீன்தான் இருந்தது. நாலாவது பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. கண்ணாடி அளக்கிற ஸ்கேலை எடுத்து அளந்தேன்: 14 அங்குலம். தொட்டியின் அகலத்துக்கும் அதன் நீளத்துக்கும் ஒரே அங்குலம்தான் வித்தியாசம். உடம்பை வளைக்காமல் அது திரும்பியே மாதக்கணக்காகியிருக்கும். தினமும் தீனி போட்டேன், தினமும் பார்த்தேன், அது மட்டும் கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து என் ஆர்டர் நோட்டில் முதல் கட்டம் மீன் பெயர், இரண்டாவது கட்டம் அது வளர்ந்தால் எவ்வளவு, மூன்றாவது கட்டத்தில்தான் தொட்டி அளவு. முதல் இரண்டும் நிரம்பாமல் கண்ணாடியில் கட்டர் வைக்க மாட்டேன்.

கடையில் இன்று இரண்டு அங்குலத்துக்கு இருப்பது எல்லாம் குழந்தைகள். ரெட் டெயில் கேட்ஃபிஷ் என்று சிவப்பு வாலோடு மீசையை ஆட்டிக்கொண்டு ஒரு குட்டி இருக்கும். அதுவும் அமேசான்காரன், நாலடி போகும், கூட இருக்கிற மீனையும் கூழாங்கல்லையும் சேர்த்து விழுங்கும். முதலை வாய் மாதிரி நீண்ட மூக்கோடு அலிகேட்டர் கார் விற்கிறார்கள். அது வட அமெரிக்க மீன், ஆறடியைத் தாண்டும். உடம்பு விறைப்பானது, வளையாது. இவற்றுக்கு வீட்டில் வைக்கிற எந்தக் கண்ணாடித் தொட்டியும் போதாது. இந்த இரண்டுக்கும் நான் அளவே சொல்வதில்லை, வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வாலாஜாவிலிருந்து ஒரு வாசகி: வாஸ்துவுக்காக ஃப்ளவர்ஹார்ன் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட்டியைச் சுத்தமாகக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுவோம். போன மாதம் கழுவிய மூன்றாம் நாள் இறந்துவிட்டது. வீட்டுக்கு வர இருந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டது என்று மாமியார் சொல்கிறார். அடுத்த மீன் வாங்கலாமா?

உங்கள் மாமியார் சொல்வதைச் சொல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. வீட்டு நம்பிக்கையில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அந்த மீன் எதனால் செத்தது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. முழுத் தண்ணீரையும் கொட்டி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறீர்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. ஒரு வாரமாக அமோனியாவைத் தின்ன வளர்ந்த பாக்டீரியா எல்லாம் அதோடு போய்விட்டது. புதுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். இரண்டு, மூன்று நாளில் அதில் அமோனியா ஏறிவிடும். ஒவ்வொரு வாரமும் அந்த மீன் இதைத் தாங்கித்தான் இருந்திருக்கிறது.

இனிமேல் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசுங்கள், போதும். காவிரிக் குடிநீர் என்றால் டிரம்மில் ஒருநாள் காற்று ஓடவிட்டு ஊற்றுங்கள். அவசரத்துக்கு ஹைப்போ படிகம் கடையில் கிடைக்கும், குளோரினை எடுத்துவிடும். சோப்பு எப்போதுமே கூடாது.

ஃப்ளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்த மீன் இல்லை. 1990-களில் மலேசியாவில் சில இனங்களைக் கலந்து உண்டாக்கியது. ஓர் அடி வளரும், தனியாகத்தான் இருக்கும். ஒன்றுக்கு 4 அடித் தொட்டி. ஈசான மூலையில் அந்த அளவுக்கு இடம் இல்லையென்றால் சின்ன மீனாக நாலைந்து வையுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: மேசைமேல் வைக்கிற கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரே ஒரு கோல்டு ஃபிஷ் வைக்கலாமா?

கூடாது. நாலு லிட்டரில் அதற்கு மூச்சு முட்டும். கோல்டு ஃபிஷ் கெண்டை இனம், நல்ல இடத்தில் எட்டு அங்குலத்துக்கு மேல் வளரும், பத்து இருபது வருடம் வாழும். கிண்ணத்தில் வெற்றிலைக் கொடியை வையுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர்: மாடி வீடு, முதல் தளம். ஹாலின் நடுவில் 6-க்கு 2-க்கு 2 தொட்டி வைத்து, ஒரு சில்வர் அரவானா விட ஆசை. தளம் தாங்குமா?

முதலில் எடையைப் பார்ப்போம். ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. 24 கன அடிக்கு 680 லிட்டர், அதாவது 680 கிலோ. 12 எம்எம் கண்ணாடி மட்டும் 120 கிலோவுக்கு மேல். இரும்பு ஸ்டாண்டு, மணல், கல் எல்லாம் சேர்த்தால் 900 கிலோவை எட்டும். அது முழுக்க 12 சதுர அடியில் உட்காரும். சதுர அடிக்கு 75 கிலோ. வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் போடுகிறார்கள், அது சதுர அடிக்கு 19 கிலோகூட வராது. ஹாலின் நடுவில் கண்டிப்பாக வேண்டாம். பீம் ஓடுகிற சுவரோரம் வைத்தால் நிலைமை வேறு. அதையும் உங்கள் வீட்டைக் கட்டிய இன்ஜினியர் பிளானைப் பார்த்துச் சொல்லட்டும். நான் கண்ணாடிக்காரன், கான்கிரீட்டுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போடுவது கண்ணாடி சமமாக உட்காரத்தான். அதனால் பாரம் குறையாது.

தளம் தாங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். மீனுக்கு அந்தத் தொட்டி தாங்காது. சில்வர் அரவானா மூன்றடி வரை வளருகிற மீன். தொட்டியில் இரண்டரை அடியில் நின்றாலும் 2 அடி அகலத்தில் எப்படித் திரும்பும்? என் கணக்குப்படி 10 அடிக்கு நாலு அடி கிட்ட வரும். மனசை எவ்வளவு இறக்கினாலும் 8-க்கு 3-க்குக் கீழே நான் வரமாட்டேன். அதற்கு இரண்டரை அடி உயரம் வைத்தால் 1,700 லிட்டர். கீழ்த்தளத்தில், தரையிலிருந்து எழுப்பிய கட்டுமானத்தின் மேல்தான் முடியும். இன்னொன்று, அரவானா தாவும். அமேசானில் தண்ணீருக்கு மேலே கிளையில் இருக்கிற பூச்சியைத் தாவிப் பிடித்துத் தின்கிற மீன் அது. கனமான மூடி இல்லாத அரவானா தொட்டி எதையும் நான் நம்ப மாட்டேன்.

சிவப்பு, தங்கநிற டிராகன் அரவானாவை யாராவது காட்டினால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். அது ஆசிய அரவானா. அழிந்துவரும் உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிற இனம். நம் வனவிலங்குச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பட்டியல் உயிர்களை வீட்டில் வைத்திருந்தால் முறைப்படி பதிவு செய்ய வேண்டும். பேப்பர் இல்லாமல் வாங்கினால் வம்பு உங்களுக்குத்தான்.

தொரப்பாடியிலிருந்து ஒரு வாசகர்: தொட்டியின் அழுக்கைத் தின்னும் என்று சொல்லி இரண்டு அங்குல "டேங்க் கிளீனர்" கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் ஓர் அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. கொல்ல மனசு வரவில்லை. கோட்டை அகழியிலோ, எங்கள் பக்கத்து ஏரியிலோ, மழை வந்தால் பாலாற்றிலோ விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். உயிராவது பிழைக்குமே?

பிழைக்கும். அதுதான் பிரச்சினை. தயவுசெய்து விடாதீர்கள்.

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. மூன்று வருடம் வளர்த்ததைக் கொல்ல யாருக்குத்தான் கை வரும்? ஆனால் அந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காக் கெளுத்தி அது. உடம்பு முழுக்க எலும்புத் தகடு, ஓடு போட்ட மாதிரி. விராலும் கொக்கும் சுலபத்தில் விழுங்க முடியாது. தண்ணீரில் பிராணவாயு தீர்ந்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்து வாழும். கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும், அதனால் கரை அரிக்கும். பாசியை வழித்துத் தின்னும்போது மற்ற மீனின் முட்டையும் சேர்ந்து போகும். சென்னைப் பக்கத்து ஏரிகளில் இது பெருகி, மீன்பிடிக்கிறவர்கள் வலை கிழிந்து தவிக்கிறார்கள்.

இரண்டு வருடம் முன்பு நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் பக்கத்து ஏரி ஒன்றைக் குத்தகை எடுத்தவர் தொட்டி விஷயமாக வரச் சொல்லியிருந்தார். காலையில் வலையை இழுத்தார்கள். ரோகு, கட்லா எதிர்பார்த்த இடத்தில் கறுப்பாகப் புள்ளி போட்டு ஏழெட்டு டேங்க் கிளீனர். பக்கத் துடுப்பின் முள்ளை விறைத்து நீட்டிக்கொண்டு, வலைக் கண்ணியில் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கிறது. இழுத்தால் நூல்தான் அறுகிறது. ஒரு பையன் உட்கார்ந்து பிளேடால் கண்ணி கண்ணியாக அறுத்து எடுத்தான். அவன் உள்ளங்கையில் முள் கிழித்த கோடுகள். கரையில் எறிந்த மீன்கள், நாங்கள் டீ குடித்துப் பேசி முடித்து ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோதும் செவுளை அசைத்துக்கொண்டு கிடந்தன. வாங்க ஆளில்லை, தின்ன ஆளில்லை. வலைக்குப் புது நூல் வாங்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மீன் தானாக வரவில்லை. யாரோ ஒருவர், உங்களைப் போலவே இரக்கப்பட்டு, பக்கெட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

ஒரே ஒரு மீன், ஒரே ஒரு ஏரி என்று நினைக்காதீர்கள். வட ஆற்காடு ஏரிகள் தனித்தனி இல்லை. நம் முன்னோர் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகச் சங்கிலி போட்டுக் கட்டியவை. மேலே இருக்கிற ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கும் அடுத்ததற்கு. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது எத்தனை ஏரி கோடி போனது என்று உங்களுக்கே தெரியும். கோடி போகிற தண்ணீரில் மீனும் போகும். கிணற்றில் விட்டாலும் இதே கதைதான், பெருமழையில் கிணறும் வழியும். அகழி தேங்கி நிற்கிற தண்ணீர், அங்கே ஒன்று இரண்டாகி இருபதானால் யார் இறங்கி எடுப்பது?

ஜிலேபி கெண்டையை நாம் நம்மூர் மீன் என்றே நினைத்துச் சாப்பிடுகிறோம். அது ஆப்பிரிக்க மீன், 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத ஏரி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். 2023 மே மாதம் காஷ்மீரில், ஸ்ரீநகர் தால் ஏரியைச் சுத்தம் செய்தபோது அலிகேட்டர் கார் ஒன்று அகப்பட்டது. அமெரிக்க ஆற்று மீன் இமயமலை ஏரிக்கு வேறு எந்த வழியாக வந்திருக்கும்?

இனி உங்கள் மீனுக்கு வழி. முதலில் வாங்கின கடையில் கேளுங்கள். விற்கத் தெரிந்தவர்களுக்குத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் 6 அடித் தொட்டியோ, வெளியே வழி இல்லாத சிமெண்ட் தொட்டியோ வைத்திருப்பவரிடம் கொடுங்கள். என் நோட்டில் அப்படி நாலைந்து வீடுகள் இருக்கின்றன, பத்திரிகை அலுவலகம் மூலம் எழுதினால் நான் சேர்த்துவைக்கிறேன். அதுவரை அதற்குச் சுரைக்காய்த் துண்டு, வெள்ளரி, சுத்தமான மரக்கட்டை ஒன்று போடுங்கள். அழுக்கு அதற்குத் தீனி இல்லை. மீன் கழிவை அது தொடாது. ஓர் அடி மீன் தானே போடுகிற கழிவு நீங்கள் வைத்திருக்கிற மற்ற மீன் எல்லாம் போடுவதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். எங்குமே இடம் கிடைக்கவில்லை என்றால், கால்நடை மருத்துவரைக் கேட்டு, கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கி வலியில்லாமல் முடிப்பது ஏரியில் விடுவதைவிட நல்ல காரியம். இதை எழுதும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் வலை அறுத்துக்கொண்டிருந்த அந்தப் பையனின் உள்ளங்கையையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர்: கோடையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஐஸ் போடலாமா?

தண்ணீர் சூடேற ஏற அதில் கரைகிற பிராணவாயு குறையும். பெரிய மீனுக்கு அது முதலில் தெரியும். தொட்டிமேல் வலைமூடி போட்டு, தண்ணீர்ப் பரப்பைத் தடவுகிற மாதிரி மின்விசிறி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குறைகிற தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஐஸை நேராகப் போடாதீர்கள், திடீர்க் குளிர்ச்சி அதைவிட மோசம். பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மே மாதம் தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

அணைக்கட்டிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவன்: அண்ணா, என்னிடம் 2 அடித் தொட்டி இருக்கிறது. சேர்த்துவைத்த பணம் 600 ரூபாய். யூடியூபில் பார்த்து ஆஸ்கர் வாங்க ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா?

தம்பி, ஆஸ்கரை நீ வேலைக்குப் போய் 4 அடித் தொட்டி வாங்கும்போது வளர்க்கலாம். இப்போது உன் தொட்டிக்கு ஏற்ற மீன் நிறைய இருக்கிறது. உங்கள் ஊர்த் தண்ணீர் கடினத் தண்ணீராக இருந்தால் அது உனக்கு அதிர்ஷ்டம்; கப்பி, பிளாட்டி இரண்டுக்கும் அதுதான் பிடிக்கும். ஆண் கப்பி ஆறு, பிளாட்டி நாலு. வாங்கும்போது கடையில் ஒரே கேள்வி கேள்: "இது வளர்ந்தா எவ்வளவு வரும்?" கையால் காட்டச் சொல். காட்டத் தெரியாதவரிடம் வாங்காதே.

பணத்தை எல்லாம் மீனுக்குச் செலவழித்துவிடாதே. முதலில் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் மோட்டாரும் வாங்கு. மீன் இல்லாமல் தண்ணீரை ஓடவிட்டு, தினமும் இரண்டு மூன்று துணுக்கு தீனி மட்டும் போடு, அது அழுகித்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் ஆகும். பக்கத்தில் யாராவது நல்ல தொட்டி வைத்திருந்தால் அவர்களின் பழைய ஸ்பாஞ்சை உன் தொட்டியில் பிழிந்துவிடு, இன்னும் சீக்கிரம் தயாராகும். அப்புறம் முதலில் இரண்டே இரண்டு கப்பி, பத்து நாள் கழித்து மற்றவை. உங்கள் வாய்க்காலில் நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னுகிற சின்ன மீன் மேல்மட்டத்தில் நீந்துவதைப் பார்த்திருப்பாய், கொசுப்புழு தின்னும். அதையும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனி. என்ன பார்த்தாய் என்று எனக்கு எழுது, அடுத்த இதழில் போடுகிறேன்.